அக்கா அளவுக்கு ஒரு கவசம்

மூன்று மாதம் உட்கார்ந்து நான் செய்த கவசத்தை அவன் ஒரே சாயங்காலத்தில் வெட்டினான். மார்பின் மேல்பாதியில் இருந்த இரும்பை எடுத்தான். விலா முடிகிற இடத்திலிருந்து தொப்புளுக்கு நான்கு விரற்கடை கீழே வரை இருந்ததையும் எடுத்தான். எடுத்த இடத்தில் வெறும் தோலை வைத்தான். பிறகு யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று இணையத்தில் ஏற்றிவிட்டு, அடியில் நன்றி என்று போட்டு என் பெயரையும் எழுதியிருந்தான்.

வடசென்னை சாத்தாங்காட்டில் இரும்புத் தகடு வெட்டிக் கொடுக்கும் பட்டறை ஒன்றில் நான் வேலை பார்க்கிறேன். டிப்ளமோ படித்தவள். வருகிறவர்கள் கேட்கும் உருவத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பேன், மெஷின் வெட்டும். மூன்று எம்.எம். தகடு எங்கே வளையும், எட்டு எம்.எம். தூக்கினால் எப்படித் தோளை இழுக்கும், விளிம்பைத் தேய்க்காமல் விட்டால் எப்படிக் கிழிக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வேலை விட்டு திருவொற்றியூர் வீட்டுக்கு வந்தால் எனக்கு ஒரே பொழுதுபோக்கு கேம். வாள், குதிரை, பனிமலை எல்லாம் உள்ள பழைய கேம். அதைச் செய்த கம்பெனி மறந்துவிட்டாலும் ஆடுகிறவர்கள் மறக்கவில்லை. அவர்களே புதிது புதிதாக ஆயுதம், உடுப்பு, வீடு என்று செய்து அதற்குள் சேர்க்கிறார்கள். அப்படிச் சேர்ப்பதற்கு மோட் என்று பெயர். நான் செய்வது கவசங்கள்.

அந்த கேமில் ஒரு கவசம் என்பது ஒரு பொருள் அல்ல, இரண்டு பதிவுகள். முதல் பதிவில் எண்கள் இருக்கும். எடை இவ்வளவு, வாள்வெட்டைத் தாங்கும் சக்தி இவ்வளவு, உடம்பில் எந்த இடத்தில் மாட்டுவது என்று. இரண்டாவது பதிவு கண்ணுக்கு. ஆண் போட்டால் எந்த உருவத்தைக் காட்டுவது, பெண் போட்டால் எதைக் காட்டுவது என்று அதில் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு பதிவுகளுக்கும் நடுவில் ஒரு கயிறு மட்டும்தான். ஒன்று மாறினால் இன்னொன்றுக்குத் தெரியாது. அதனால்தான் ஒரே கவசத்தை ஆண் போட்டால் கழுத்திலிருந்து முழங்கால் வரை இரும்பு, பெண் போட்டால் இரண்டு கிண்ணமும் ஒரு பட்டையும். தாங்கும் சக்தி இருவருக்கும் அதே எண். ஈட்டி வந்து வயிற்றில் குத்தினாலும் இல்லாத இரும்பு அதைத் தடுத்துவிடும். தகட்டோடு நாள் முழுக்க மாரடிக்கிற எனக்கு இதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

அக்கா இல்லாவிட்டால் அந்த எரிச்சல் எரிச்சலாகவே போயிருக்கும். என் அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது. எண்ணூர் போகிற வழியில் ஒரு கண்டெய்னர் யார்டில் கேட் செக்யூரிட்டி. மாமா பிரிந்து போனபிறகு நானும் அவளும்தான் வீட்டில். அகலமான தோள், கனத்த மார்பு, தடித்த கை. நின்றால் கேட்டுக்கு இன்னொரு கேட் போட்டதுபோல் இருப்பாள். வேலையில் சேர்ந்தபோது காண்ட்ராக்டர் அவளுக்கு ஆம்பளைச் சட்டை ஒன்றைக் கொடுத்தான். தோளுக்குச் சரியாக இருந்த சட்டை மார்பில் நிற்கவில்லை. பொத்தானுக்கும் பொத்தானுக்கும் நடுவில் திறந்து திறந்து கொண்டது. பெரியது கேட்டதற்கு, "லேடீஸ் சைஸுலாம் வராதும்மா, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றான். உள்பக்கம் ஊக்குக் குத்தி, அதன்மேல் பச்சை பிரதிபலிப்புக் கோட்டு மாட்டி, அந்த வெயிலில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பாள். வரிசையில் நிற்கிற லாரிக்காரர்கள் எங்கே பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது ஊக்கு குத்திய சிவப்புப் புள்ளிகளை எண்ணலாம்.

ஒரு ஞாயிறு காலை அவளைச் சுவரோரம் நிற்க வைத்தேன். முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முதுகு ஒன்று, கையை விரித்து ஒன்று என்று போனில் படம் எடுத்தேன். அளவு நாடாவும் பிடித்தேன்.

"இன்னாத்துக்குடி இத்தினி போட்டோ?"

"டிராயிங்குக்கு."

"இன்னா டிராயிங்கு?"

"கம்ப்யூட்டர்ல. நீ அசையாத நில்லு."

அதற்குமேல் அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இந்த இடத்தை நான் மறைக்க மாட்டேன். பிறகு இதற்கும் வருகிறேன்.

அந்த கேமில் பெண் உடம்புக்கு ஒல்லி, பருமன் என்று இரண்டே முனை. பருமனை முழுக்க இழுத்து வைத்தாலும் அக்காவில் பாதி வராது. அதனால் நான் உடம்பையே புதிதாகச் செய்தேன். அதன்மேல் தகட்டை உண்மையாகவே வெட்டி வளைத்து மாட்டுகிற மாதிரி ஒவ்வொரு துண்டாகச் செய்தேன். மார்பை இரண்டாகப் பிரித்துக் காட்டாமல் ஒரே மேடாக எடுத்து வந்த மார்த்தகடு, குனிந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிற வயிற்றுப் பட்டைகள், அக்குளில் இடிக்காமல் இருக்கத் தேய்த்த விளிம்பு. இந்த கேமில் கவசத்தை மாட்டினால் உள்ளே இருக்கிற உடம்பு மறைந்துவிடும். வெளியே தெரிகிற கையைக் கவசத்தோடு சேர்த்து நாம்தான் செய்து வைக்க வேண்டும். அக்காவின் கையைச் செய்தேன். இடது முழங்கையின் கீழே அவளுக்கு 'ட' எழுத்துப் போல ஒரு தழும்பு உண்டு. யார்டு கேட்டின் சக்கரத்தில் சிக்கிக் கிழிந்தது. அதையும் வரைந்தேன். சண்டைக்காரியின் கை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

செய்த உருவத்தை கேமுக்குள் இருக்கிற எலும்புக்கூட்டோடு பிணைத்தால்தான் அது நடக்கும், குனியும். அந்த வேலை எனக்கு வராது. அதைச் செய்து கொடுத்தவன்தான் நான் முதலில் சொன்ன அவன். தண்டையார்பேட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவன், என்னைவிட நான்கைந்து வயது சின்னவன், அதே கேமில் பைத்தியம். என்னை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவான். ஒருமுறை வீட்டுக்கே வந்து என் கம்ப்யூட்டரைச் சரிசெய்தான். அக்கா டீ போட்டுக் கொடுத்தாள். அவனை நம்பி எல்லாக் கோப்புகளையும் கொடுத்தேன். பிணைத்துக் கொடுத்தான், நன்றாகவே செய்தான். மோட் தளத்தில் ஏற்றினேன். அதிகம் பேர் இறக்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

ஆறேழு வாரம் கழித்து, ஒரு ஞாயிறு காலை தளத்தைத் திறந்தால், அந்த வாரம் அதிகம் பேர் விரும்பியவை என்ற பட்டியலில் என் கவசம். நெஞ்சு ஒரு கணம் குளிர்ந்தது. படத்தைத் திறந்தேன். மேலே சொன்னேனே, அந்த வெட்டு. அக்காவின் உடம்பை எடுத்துவிட்டு எல்லோரும் போடுகிற ஒல்லி இடுப்புப் பொம்மையை வைத்திருந்தான். ஆனால் கையை மாற்றவில்லை. இடுப்பில் கை வைத்து, உதட்டைப் பிதுக்கி நிற்கிற அந்தப் பொம்மையின் இடது கையில், வெளிச்சம் பட்டுப் பளபளப்பாக, என் அக்காவின் தழும்பு.

பதிவைப் பிரித்துப் பார்த்தேன். தாங்கும் எண்ணைத் தொடவே இல்லை. ஆணுக்கு உள்ள உருவத்தையும் தொடவில்லை. அந்த ஆண் கழுத்து வரை மூடிக்கொண்டு பத்திரமாக இருந்தான்.

கீழே வந்திருந்த பின்னூட்டங்களை இங்கே எழுத மாட்டேன். அந்தக் கையைப் பற்றியும் இருந்தன.

குளிக்காமல், தலை வாராமல் பஸ் ஏறி தண்டையார்பேட்டைக்குப் போனேன். கடையில் ஒருவர் ஏதோ பிரிண்டருக்காக நின்றுகொண்டிருந்தார். அவர் இருப்பதைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

"இன்னா சிஸ்டர், ஒரு போனு கூட பண்ணாம வந்துகீற?"

"அத்த எட்த்துரு."

"எத்த?"

"நீ வெட்டி ஏத்தி வெச்சிகீறியே, அத்த. இப்பவே எட்த்துரு."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. "அட, பாத்துட்டியா! செம்ம ஓட்டம் ஓடிகினு கீது சிஸ்டர். உன் பேரும் போட்டுகீறேன் பாத்தியா?"

"என்னைக் கேட்டியா?"

"கேட்டா வுட்ருப்பியா? நீ போட்டது எத்தினி பேரு எறக்கினாங்கோ? எவனுக்கு வேணும் அந்தத் தகர டப்பா? அல்லாரும் இப்டித்தான் பண்ணிகினு கீறாங்கோ. நா ஒண்ணியும் புச்சா பண்ல."

"அப்ப ஆம்பளைக்கு ஏன் வெட்டல? அவனுக்கு வயிறு இல்லியா?"

"அத்த எவன் கேக்கறான்?" என்றான். கேள்வியே அவனுக்குப் புரியவில்லை. "அது பொம்ம சிஸ்டர். ஓவரா பேஜாரு பண்ணாத."

"பொம்மயா? பொம்ம கையில தயும்பு இன்னாத்துக்குடா?"

"அது சோக்கா கீது, நெஜம் மாரி கீதுன்னுதான் வுட்டேன்." சொல்லிக்கொண்டே திரையைத் திருப்பி அந்தக் கையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். டீ டம்ளர் நீட்டிய கை அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பிரிண்டர்காரர் மெல்ல வெளியே போய் நின்றுகொண்டார்.

"நா வேணும்னு பண்ல," என்றான், குரல் இறங்கி. "சரி, தயும்ப மட்டும் அயிச்சிட்றேன். ரெண்டு நிமிசம்."

"மத்தது?"

"மத்தது இருக்கட்டுமே. இத்தப் பாத்துட்டு ஃபாரின் டீம் ஒண்ணு வேலைக்கு கூப்ட்டுகீது சிஸ்டர். இப்ப எட்த்தா என் கத கந்தல்."

தழும்பை அழித்துவிட்டால் அக்கா இல்லாமல் போய்விடுவாளாம். அப்புறம் மிச்சத்தை வைத்துக்கொள்ளலாமாம். கன்னத்தில் அறையத்தான் கை வந்தது. மேசைமேல் இருந்த கீபோர்டைத் தள்ளிவிட்டு வந்துவிட்டேன். அறைந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

தளத்துக்குப் புகார் எழுதினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், மூன்று முறை திருத்தி எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. மரியாதையான பதில். ஏற்றும்போது, பிறர் இதை மாற்றலாம், மாற்றியதை வெளியிடலாம் என்ற கட்டத்தில் நீங்களே டிக் போட்டிருக்கிறீர்கள், பெயரும் குறிப்பிடப்பட்டிருக்கிறது, எனவே விதிமீறல் இல்லை. போய்ப் பார்த்தேன். ஆமாம், போட்டிருந்தேன். நானும் பிறர் கோப்புகளைப் பிரித்துப் பார்த்துத்தானே படித்தேன், நம்முடையதையும் நாலு பேர் பிரிக்கட்டும் என்று நல்ல மனதோடு போட்டது. நல்ல மனது! அந்தக் கட்டத்தைப் பார்க்கப் பார்க்க என் முகத்தில் நானே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது.

அக்காவிடம் சொல்லாமல் மறைத்துவிடலாம் என்று நான்கு நாள் நினைத்தேன். அவள் கேம் ஆடுகிறவள் இல்லை, அவளுக்கு எங்கே தெரியப்போகிறது? ஆனால் அவள் எதிரில் உட்கார்ந்து சோறு தின்ன முடியவில்லை. ஐந்தாம் நாள், அவள் பகல் ஷிப்ட் முடிந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அவனைத் திட்டித்தான் சொன்னேன். அவளும் என்னோடு சேர்ந்து அவனைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் அவனைப் பற்றிப் பேசவே இல்லை.

"அன்னிக்கு போட்டோ எதுக்குன்னு கேட்டேன்ல? இன்னா சொன்ன?"

"டிராயிங்குக்குன்னு."

"ஊருக்கே குட்க்கப்போறேன்னு சொன்னியா?"

"நான் மூடித்தாங்கா போட்டேன். கழுத்து வரைக்கும். அவன்தான் வெட்டினான்."

"அவன் வெட்டினான். நீ குட்த்த." ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "அந்த கேட்டாண்ட நின்னுகினு, எவன் கண்ணும் மேல படக்கூடாதுன்னு ஊக்கு குத்திகினு கீறவ நானு. நீ என்னை சுத்தி சுத்தி போட்டோ புட்ச்சி கம்ப்யூட்டர்ல ஏத்திகீற. என்னாண்ட ஒரு வார்த்த கேக்கத் தோணல உனுக்கு?"

நான் அழுதேன். அவள் அழவில்லை. எழுந்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, காட்டு என்றாள். வேண்டாம்கா என்றேன். காட்டு என்றாள். காட்டினேன். மவுஸைப் பிடித்து அந்தப் பொம்மையை ஒரு சுற்றுச் சுற்றினாள். முன், பக்கம், முதுகு. நான் அவளைப் படம் எடுத்த அதே வரிசை.

"இது சண்டைக்கா போவுது?" என்று கேட்டாள்.

"ஆமா."

"இத்த போட்டுகினு எதுக்குப் போறா? சும்மாவே போலாமே." பிறகு திரையில் அந்தக் கைத் தழும்பின்மேல் விரலை வைத்தாள்.

மறுநாள் வேலைக்குக் கிளம்பியவள், "வா, அந்தக் கடையக் காட்டு" என்றாள். யூனிபார்ம், பூட்ஸ், பச்சைக் கோட்டு எல்லாம் போட்டிருந்தாள். சத்தம் போடப்போகிறாள், தெருவே கூடப்போகிறது என்று நினைத்துக்கொண்டே போனேன். அவள் நேராகக் கடைக்குள் ஏறினாள். இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டினாள். அந்தக் கையை அவன் கீபோர்டின் மேலேயே வைத்தாள். திரையில் ஏதேதோ எழுத்துக்கள் ஓடின.

"தயும்ப அயிக்கிறேன்னியாமே," என்றாள். "அயி."

அவன் நாற்காலியைப் பின்னால் இழுத்தான். சுவர் இடித்தது.

"அக்கா... சாரிக்கா..."

"அயிடா. ரெண்டு நிமிசம்தானே?"

அவனால் தலையைத் தூக்க முடியவில்லை. ஃபாரின் டீமைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவள் கையை எடுத்துக்கொண்டதும் எங்கள் கண் முன்னாலேயே அந்தப் பக்கத்தைத் திறந்து நீக்கினான். நிஜமாகவே இரண்டு நிமிடம்தான் ஆனது. நான் கத்தியும் புகார் எழுதியும் நடக்காதது அவள் கையை வைத்ததும் நடந்தது. அதில்கூட எனக்குக் கோபம். அந்தக் கை ஒரு ஆளுடையது என்று தெரிய அவனுக்கு ஆளே வந்து நிற்க வேண்டியிருந்தது.

வெளியே வந்ததும் அக்கா என்னிடம், "உன்னுதையும் எட்த்துரு" என்றாள்.

"என்னுது மூடித்தானே கீதுக்கா. மூணு மாசம்..."

"மூடினா இன்னா, தொறந்தா இன்னா? என் ஒடம்பு."

அவள் எண்ணூர் பக்கம் பஸ் ஏறினாள். நான் பட்டறைக்குப் போய், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனிலேயே என் பக்கத்தை நீக்கினேன். அவள் சொன்னது நியாயம் என்று தெரிந்தது. தெரிந்தும் ஒரு வாரம் அவள்மேலும் கோபமாக இருந்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் இது பொய்க்கதை ஆகிவிடும். அவள் என்னோடு பேச அதைவிட அதிக நாள் எடுத்துக்கொண்டாள். சாப்பாடு மட்டும் எடுத்து வைத்துவிட்டுப் போவாள். ஒருநாள் காசிமேட்டிலிருந்து சங்கரா மீன் வாங்கி வந்து, "கழுவிக் குடு" என்றாள். அன்றைக்குத்தான் பேச்சு திரும்பியது.

அதன்பிறகு ஒரு செய்தி வந்தது. எந்த நாடு என்று தெரியாத ஒரு பெண். உங்கள் பழைய கவசத்தைக் காணோமே, நானும் பெரிய உடம்புக்காரி, இந்த கேமில் நான் கண்ணாடி பார்ப்பதுபோல் பார்த்த ஒரே உருவம் அதுதான், திரும்பப் போட முடியுமா என்று கேட்டிருந்தாள். படித்து அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். அவள் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னுத குட்க்காத," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவ அளவ அவளையே எட்த்து அனுப்பச் சொல்லு. போட்டோ கேக்காத. அவளுக்கு செஞ்சி குடு" என்றாள்.

எழுதினேன். அந்தப் பெண் அளவுகளை மட்டும் அனுப்பினாள். இப்போது அதைச் செய்துகொண்டிருக்கிறேன். அவள் தோள் அக்காவின் தோளைவிடச் சரிவு. மார்த்தகட்டின் மேல்விளிம்பை முதலிலிருந்து மாற்ற வேண்டியிருக்கிறது.

அவன் மன்னிப்புக் கேட்டு எட்டு செய்தி அனுப்பியிருக்கிறான். ஒன்றுக்கும் நான் பதில் போடவில்லை. அவன் பக்கத்தை நீக்கிவிட்டான், சரி. அதற்குள் இறக்கியவர்களிடமிருந்து என்னத்தை நீக்குவது? வெவ்வேறு தளங்களில், வெவ்வேறு பெயரில் அது முளைத்துக்கொண்டே இருக்கிறது. சில தளங்கள் புகாரை மதித்து எடுக்கின்றன, சில பதிலே போடுவதில்லை. வாரம் ஒருமுறை தேடுகிறேன். போன வாரம் கண்டதில் யாரோ வயிற்றில் இருந்த வெட்டை இன்னும் கொஞ்சம் கீழே கொண்டுபோயிருந்தார்கள். தாங்கும் எண்ணைக் கூட்டியிருந்தார்கள்.